எஞ்சினுக்குப் பஞ்சாமிர்தம்

வாலே பேராண்டி, இப்படி உக்காரு. முனிச்சுல விடியக்காலம் மைனஸ் 14 டிகிரி. நீயும் சாவியத் திருகுத, காரும் கிழட்டெருமை கணக்கா ஒரு முக்கு முக்கிட்டுப் படுத்துக்கிடுது. "பழைய எஞ்சின் தாத்தா, கெட்டி எண்ணெயா ஊத்துனாத்தான் ஆயுசு கெட்டி"ன்னு போன வாரம் 20டபிள்யூ-50 ஊத்துனியே, அது எண்ணெய் இல்லலே. பழனிப் பஞ்சாமிர்தம்.

ஒங்க ஆச்சி மார்கழி மாசம் தேங்காயெண்ணெய்ப் பாட்டில என்ன செய்வா? வெயில்ல வைப்பா. பக்கத்துலயே நல்லெண்ணெய் பாட்டுக்கு இளகி நிக்கும். சித்திரையில ரெண்டும் ஒண்ணுபோலத்தான் ஓடும். குளிர்லதான் குட்டு உடையும். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத கிழவிக்குத் தெரிஞ்ச சங்கதி, ஜெர்மனி வரைக்கும் வந்து படிச்ச ஒனக்கு ஏம்லே தெரியல?

டபிள்யூன்னா 'வெயிட்'டுன்னு நெனச்சியாமே! வின்டர்லே, வின்டர். நீ நாலு வருசமா படிக்க ஜெர்மன் பாஷையிலயும் குளிர்காலத்துக்கு அதே எழுத்துதான். அதுக்கு முன்னால இருக்க நம்பர்ல இருந்து 35-ஐக் கழி. 20ன்னா மைனஸ் 15. 5ன்னா மைனஸ் 30. 0ன்னா மைனஸ் 35. அந்தக் குளிர்லயும் ஸ்டார்ட்டர் மோட்டார் சுத்துற அளவுக்கு எண்ணெய் இளக்கமா இருக்கான்னு சோதிச்சுக் குத்துன முத்திரை அது. இன்னைக்கு நீ வரப்பு ஓரத்துல நின்னுக்கிட்டு இருக்க. போதாக்குறைக்குக் குளிர்ல பேட்டரிக்கும் அரை உசுரு. தப்பித் தவறி சுத்திட்டாலும், அடித்தொட்டி எண்ணெய் மேல ஏறி வர்ற வரைக்கும் இரும்பை இரும்பு கடிச்சுக்கிட்டுக் கிடக்கும். எஞ்சின் தேயுறது ஆட்டோபான்ல பறக்கையில இல்ல. இந்த மொத நிமிசத்துலதான் நெறைய.

பின்னால இருக்க நம்பர் 100 டிகிரி சூட்டுக்கான கணக்கு. ஒரே எண்ணெய்க்கு எப்படி ரெண்டு குணம்னு முழிக்காத. நம்ம தெருநாய் குளிர்ல சுருண்டு படுக்கும், வெயில்ல காலை நீட்டிக் கிடக்கும் பாத்திருக்கியா? எண்ணெய்ல கலக்குற பாலிமரும் அதே சாதி. சூட்டுல அது நீண்டு குடுத்து, எண்ணெய் ரொம்ப நீத்துப்போகாமப் பாத்துக்கிடும்.

"அப்ப இருக்கதுலயே இளக்கமா 0டபிள்யூ-20 வாங்கிருவோம் தாத்தா"ங்க. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு ஒரே தாவு! இந்த பவேரியாவுல ஃபுன்டன்சேன்னு ஒரு மலை ஏரி. 2001 டிசம்பர் 24-ல அங்க மைனஸ் 45.9 டிகிரி இறங்குச்சு. ஒன் காரு அங்க போகாது ராசா, நடந்துதான் போகணும். ஆபீசுக்கும் மளிகைக்கடைக்கும் போற வண்டிக்கு எதுக்குலே அந்த வேசம்?

முன்பெட்டியில ஒரு புஸ்தகம் கிடக்கே, பிரிச்சுப் பாத்தியா? ஒன் டீசல் வண்டிக்கு 'ஃபோக்ஸ்வாகன் 507 00'ன்னு அதுல போட்டிருக்கு. டப்பா முதுகுல அதே நம்பர் இருக்கணும். இருந்தா 5டபிள்யூ-30 போதும், மவராசனா ஊத்து. அந்த நம்பர் எண்ணெய்ல சாம்பல் கம்மி. கண்டதை ஊத்துனா புகைவடிகட்டி அடைச்சுக்கிடும். அதை மாத்துற செலவுக்கு நம்ம ஊர்ல ஒரு சோடி மாடு பிடிக்கலாம்.

1941 குளிர்ல மாஸ்கோ வாசல் வரைக்கும் போன ஜெர்மன்காரன், டாங்கு வயித்துக்கு அடியில நெருப்பு மூட்டித்தான் எஞ்சினை எழுப்புனான். நீயும் விறகு தேடிக் கிளம்பிராத. கிளம்புன வண்டியையும் சூடேறட்டும்னு நின்ன எடத்துலயே உறும விடாத. இந்த ஊர்ல அதுக்கு 80 யூரோ தண்டம். மெதுவா ஓட்டு, ஓட ஓட அதுவே சூடேறும்.

இன்னைக்கே அந்தப் பஞ்சாமிர்தத்தை வடிச்சுரு. நம்ம ஊருன்னா வண்டி அச்சுக்கு மசகாப் போட்டுருவேன். இங்க ஒரு சொட்டு தரையில சிந்தக்கூடாது. புது எண்ணெய் வாங்குற ரசீதைப் பத்திரமா வையி. வித்த அளவுக்குப் பழைய எண்ணெயைக் கடைக்காரனே திருப்பி வாங்கிக்கிடணும்னு இங்க சட்டம் இருக்கு.