கறிச்சோறும் மரச்செக்கும்

அப்பா ஆலங்குடிப் பக்கம் பலசரக்குக் கடை வைத்த வருடம் மழை பொய்த்திருந்தது. ஊரில் எவன் கையிலும் காசில்லை. "இந்த நேரத்துல கடையா, கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று கேட்டவர்களே ஆடியில் அவர் போட்ட மொய் விருந்துக்கு வந்து, கறிச்சோறு சாப்பிட்டு, மொய்யும் எழுதிவிட்டுப் போனார்கள். கடைக்கு முதல் அதுதான், விளம்பரமும் அதுதான். மஞ்சள் தடவிய பத்திரிகையைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்ததில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வரைக்கும் சேதி போய்விட்டது. போட்ட பணம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கவாவது ஆட்கள் கடைக்கு வந்தார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடா திரும்புவார்கள்?

இப்போது அண்ணன் மகன் கதை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்தது. நிமிர்வதற்குள் 2020-ல் ஊரடங்கு. அவன் அந்த நேரம் பார்த்து மரச்செக்குத் தேங்காய் எண்ணெய் வியாபாரத்தில் இறங்கினான். செக்கு வருவதற்கு முன்பே லோகோ வந்துவிட்டது. "பிராண்டிங்தான் சித்தப்பா எல்லாம்" என்றான். இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் குழு, ஃபிளெக்ஸ் எல்லாம் தயார். முதல்தான் பாக்கி.

கடைசியில் அவனும் ஆடிக்குத்தான் காத்திருந்தான். கூட்டம் கூட அனுமதி வந்ததும் பத்திருபது பேரோடு கூட்டாக விருந்து. அப்பா காலத்தில் ஒரு நோட்டு, ஒரு கணக்குப்பிள்ளை. இப்போது ஊர்வாரியாக மேசை, கம்ப்யூட்டர் ரசீது, பணம் எண்ணும் இயந்திரம். வங்கிக்குள் இலை போட்டது போல் இருந்தது.

சிக்கல் என்னவென்றால், பணமுடை வந்தால் இங்கே ஊரே விருந்து போடும். ஒரே நாளில் நாலு இடத்தில் கறி வெந்தால் வயிறு தாங்கும், மடி தாங்குமா? 2020-ல் ரிசர்வ் வங்கி கடன் தவணைக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தது. மொய்க்கு வட்டி கிடையாது, ஆனால் அவகாசம் கொடுக்கவும் ஆள் கிடையாது. திருப்பிச் செய்யாவிட்டால் அடுத்த விருந்தில் முகம் காட்ட முடியாது.

செக்கு ஓடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் தூக்குகிறவர்கள் தூக்கிக்கொண்டே இருக்கிறார்கள். எண்ணெய் வாங்குவது மொய்க் கணக்கில் பெயர் உள்ளவர்கள்தான். தொழில் தொடங்கும் எண்ணமிருந்தால் எங்கள் பக்கம் வந்து யோசனை கேளுங்கள், தாராளமாகச் சொல்கிறேன். கைமாற்று மட்டும் கேட்காதீர்கள். இந்த ஆடிக்கு வந்த பத்திரிகைகளே மேசையில் குவிந்து கிடக்கின்றன.