கரி பிடித்த பிளக்கும் நாலு ஒயரும்

எண்பதுகளில் பண்ருட்டியில் அம்பாசிடர் வேலை கற்றுக்கொண்ட எங்களுக்குக் கலவை சரியா, தப்பா என்று சொல்ல ஸ்பார்க் பிளக் ஒன்றே போதும். கழற்றி வெளிச்சத்தில் பிடிப்போம். முனையில் கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சாவியைக் கொடுத்துவிடலாம். கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி, என்ஜின் சத்தத்துக்குக் காது கொடுத்து, மறுபடி கால் சுற்று. காடாம்புலியூரில் மெயின் ரோட்டோரம் கடை போட்டபோதும் முதலில் அந்த வேலைதான்.

இன்று அதையே சைலன்சர் பைப்பில் திருகியிருக்கும் விரல் நீள ஆக்சிஜன் சென்சர், வண்டி ஓட ஓட நொடிக்கு நொடி பார்க்கிறது. அன்றைய வண்டியில் அதைப் பொருத்தியிருந்தாலும் பிழைத்திருக்காது. பெட்ரோலில் இருந்த ஈயம் சென்சரையும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் பாழாக்கிவிடும். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு 1995-இல் கன்வர்ட்டர் கட்டாயமானபோதுதான் ஈயமில்லாப் பெட்ரோலும் அங்கே வந்தது. நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது 2000-இல். பாஷ் கம்பெனி தயாரித்து 1976-லேயே வால்வோ காரில் ஏறிவிட்ட பொருள் எங்கள் ஊர்ப்பக்கம் வர அவ்வளவு காலம் பிடித்தது.

சென்சருக்குள் இருக்கும் சிர்கோனியா 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காகக் கணக்குச் சொல்லும். புகையின் சூட்டுக்காகக் காத்திருந்தால் நேரமாகும் என்பதால் உள்ளேயே ஒரு ஹீட்டர். அது வேலை செய்யாவிட்டால் சென்சர் சூடாகும்வரை என்ஜின் குருட்டுக் கணக்கில், பெட்ரோலைக் கூடுதலாகவே குடித்து ஓடும். தோப்புக்கும் மண்டிக்குமாகக் கொஞ்ச தூரமே ஓடும் வண்டிக்கு இதனால் நஷ்டம் அதிகம். அம்பாசிடர் கோளாறு என்றால் இருமும், திணறும், நடுரோட்டில் நிற்கும். இன்றைய வண்டியோ நன்றாகவே ஓடும். மஞ்சள் விளக்கு ஒன்று மட்டும் எரியும். அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

முந்திரி வியாபாரி ஒருவர் வந்தார். "சென்சர மாத்தி ஒரு மாசம்கூட ஆவலண்ணே, திரும்ப லைட்டு எரியுது" என்றார். வேறெங்கோ ஸ்கேனர் போட்டிருக்கிறார்கள், பி 0135 என்று வந்திருக்கிறது, சென்சரை மாற்றி அனுப்பிவிட்டார்கள். அந்த எண் சொல்வது கன்வர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சரின் ஹீட்டர் சர்க்யூட்டில் பழுது என்பதை மட்டுமே. ஃபியூஸ், ரிலே, ஒயர், கப்ளர், எர்த், ஹீட்டர் எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட். தானே புயலில் தோப்பை இழந்து, மறுபடி கன்று நட்டு எழுந்தவர்கள் உள்ள ஊர் இது. தேவையில்லாமல் ஒருவர் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வருவதைப் பார்க்கையில் கோபம் வருகிறது.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. கப்ளரைக் கழற்றினேன்: நாலு ஒயர், அதில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் ஹீட்டருக்கு. சென்சர் பக்கம் ஓம் அளவு சரி. சாவியை ஆன் செய்து வண்டிப் பக்கம் சப்ளை பார்த்தால் மல்டிமீட்டரில் முழுதாகப் பன்னிரண்டு வோல்ட். இங்கேதான் பலரும் சப்ளை இருக்கிறது என்று மீட்டரை மூடிவிடுகிறார்கள். ஒயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் பன்னிரண்டு காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமில்லாத அளவு. ஹீட்டருக்கோ ஒரு ஆம்பியர், அதற்கு மேலும் வேண்டும்.

அம்பாசிடர் காலத்து டெஸ்ட் லாம்ப்பை எடுத்தேன். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, இரண்டு ஒயர், ஒரு கிளிப். ஒரு முனையைச் சப்ளையில் வைத்து மறு முனையை பாடி எர்த்தில் கடித்தேன். பல்புக்குள் இழை லேசாகச் சிவந்ததோடு சரி. மீட்டர் பன்னிரண்டிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குப் போகும் கன்ட்ரோல் ஒயரில் இந்த பல்பை நான் வைப்பதில்லை, அதற்கு எல்ஈடி லாம்ப் தனியாக வைத்திருக்கிறேன்.)

பிறகு ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போக வேண்டியதுதான். என்ஜினுக்குப் பின்னால் டேப் சுற்றிய இடத்தில் விரலுக்கு மெத்தென்று பட்டது. பிரித்தேன். எலி கடித்த தடம், உள்ளே தாமிரம் பச்சை பூத்துப் பொடிந்திருந்தது, இரண்டு மூன்று இழைதான் பாக்கி. வண்டியை முந்திரிக் குடோன் ஓரமாகத்தான் நிறுத்துவாராம். பச்சை முழுதும் போகும்வரை வெட்டி, புது ஒயர் சேர்த்து, சால்டர் வைத்து, ஸ்லீவ் சுருக்கினேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஸ்கேனரில் அந்தப் பழுது எண்ணை அழித்துவிட்டு, "ராத்திரி முழுக்க நிக்கட்டும், காலையில எடுத்துப் பாருங்க" என்றேன். நன்றாக ஆறிய என்ஜினைக் கிளப்பும்போதுதான் ஈசியூ ஹீட்டரைச் சரியாகச் சோதிக்கும்.

மறுநாள் லைட் எரியவில்லை என்று சொல்ல வந்தவர், டிக்கியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து நீட்டினார். கழற்றிப் போட்ட பழைய சென்சர். ஹீட்டர் ஒயர் இரண்டிலும் மீட்டரை வைத்தேன். ஆறு ஓம், அந்த வண்டிக்கு இருக்க வேண்டிய அளவேதான். மீட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டி, பெட்டியை மூடி அவர் கையிலேயே கொடுத்தேன்.