கழுத்து என்று ஒரு கட்டம் இல்லையே, ஐயா

பெறுநர்:
தலைவர் அவர்கள், சேதமான பயணப் பெட்டிகள் பிரிவு,
(பெயர் வேண்டாம், கோப்பு எண்ணைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்) விமான நிறுவனம்.

பொருள்: கழுத்தொடிந்த கிட்டார் ஒன்று

மதிப்பிற்குரிய ஐயா,

நலம், நலமறிய ஆவல். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று தோட்டத்து லயத்தில் என் அப்பா சொல்லிக் கொடுத்தார். உங்கள் நலம் எனக்கு நன்றாகவே தெரியும். மூன்று மாதத்தில் உங்களிடமிருந்து பதினொரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. எட்டு, மலிவு விலை டிக்கெட் விளம்பரம். மற்ற மூன்றும் என் புகார் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பற்றியவை.

நடந்ததை மறுபடியும் சொல்கிறேன். அத்தை பேத்தியின் கல்யாணம், திருச்சியில். மலாக்காவில் எங்கள் குருபோங்குக்குப் பக்கத்திலேயே பத்து பிரண்டாமில் விமான நிலையம் இருக்கிறது. அது எங்களுக்கு அண்ணாந்து பார்க்க மட்டும். திருச்சிக்குப் போக, கோலாலம்பூர் விமான நிலையம் இருக்கும் சிப்பாங்குக்குத்தான் ஓட வேண்டும். காரில் இரண்டு மணி நேரம், கிட்டார் என் மகள் மடியில் இருந்தது; ஒரு கீறல் இல்லை. கல்யாண வீட்டில் பெரியப்பா பேரன்கள் ஆறு பேர் மாறி மாறி வாசித்தார்கள், அதற்கும் தாங்கியது. திரும்பி வரும் வழியில், உங்கள் பொறுப்பில் இருந்த நாலு மணி நேரத்தில்தான் தாங்கவில்லை. பெல்ட்டில் முதலில் தலை வந்தது. பின்னால் உடல் வந்தது. நடுவில் ஆறு கம்பி மட்டும் உறவு சொல்லிக்கொண்டிருந்தன.

அங்கேயே முகப்பில் போய்ச் சொன்னேன். இணையத்தில் நிரப்பச் சொன்னார்கள். நிரப்பினேன். "சேதமான பகுதி எது?" என்று கேட்டு நாலு கட்டம் வைத்திருந்தீர்கள்: சக்கரம், கைப்பிடி, ஜிப்பு, பூட்டு. கழுத்து என்று ஒரு கட்டம் இல்லையே, ஐயா. யோசித்துப் பார்த்து, கையால் பிடிக்கிற இடம்தானே என்று கைப்பிடியில் குறி போட்டேன். பதினைந்தாம் நாள் பதில் வந்தது: "கைப்பிடி சேதம் சாதாரணத் தேய்மானமாகக் கருதப்படும்."

இனி கிட்டாரைப் பற்றிக் கொஞ்சம். அது 'கபோக்'. சீனாவின் குவாங்சோவிலிருந்து வந்த சாதி. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மலேசியாவில் கம்பத்துப் பையன், தோட்டத்துப் பையன், பட்டணத்துப் பையன் எல்லாருக்கும் முதல் கிட்டார் அதுதான். மலாய் நண்பர்கள் இன்றைக்கும் மலிவான எந்தக் கிட்டாரையும் 'கித்தார் காப்போக்' என்றுதான் சொல்வார்கள். பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும் 'ஆலிகேட்ஸ்' என்று குழு வைத்து, தேங்காய் மட்டை போல முடி வளர்த்து, மலாய்ப் பாட்டில் நாட்டையே ஆட்டிவைத்த காலம். தோட்டத்தில் பாதிப் பேருக்கு அந்த முடி இருந்தது, மீதிப் பேருக்குக் கபோக் இருந்தது. எனக்கு முடி வளரவில்லை. 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' படம் வந்தது. அதில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டாரைக் கேட்டுவிட்டு நான் சோறு சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தேன். அப்பா ரப்பர் மரம் சீவிய காசில் மலாக்கா டவுனுக்குப் போய் தொண்ணூறு வெள்ளிக்கு வாங்கி வந்தார். அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

படத்தின் பெயர் என் புகாருக்கும் பொருந்துகிறது என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

கபோக் என்றால் என்ன தெரியுமா, ஐயா? இலவம். மலாய்க்காரர்கள் கெக்காபு என்பார்கள், தலையணைக்குள் இருப்பது. இலவு காத்த கிளி என்று எங்களிடம் ஒரு கதை உண்டு. அந்தக் கிளி பழுக்கும் பழுக்கும் என்று காத்திருந்தது, கடைசியில் காய் வெடித்துப் பஞ்சாய்ப் பறந்தது. நான் அந்தக் கிளிக்கும் ஒருபடி கீழே. என் இலவம் முதலிலேயே வெடித்துவிட்டது, அதற்கப்புறம்தான் காத்திருக்கிறேன்.

உங்கள் இரண்டாவது கடிதம் வாங்கிய ரசீதைக் கேட்டது. கடைக்காரர் போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார், தோட்டமும் போய்விட்டது. ரசீது மட்டும் எப்படி இருக்கும்? ரசீது இல்லாவிட்டால் வயதைப் பொறுத்து ஆண்டுக்குப் பத்து விழுக்காடு மதிப்புக் குறைப்போம் என்று எழுதியிருந்தீர்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பத்தாவது ஆண்டிலேயே மதிப்பு பூஜ்யம். அதற்கு மேல் முப்பது ஆண்டு இருக்கிறது. அந்தக் கணக்கில் நான் உங்களுக்குத்தான் இருநூற்று எழுபது வெள்ளிக்குக் குறையாமல் தர வேண்டிவரும். இதை நீங்கள் இன்னும் கேட்காமல் இருப்பது உங்கள் பெருந்தன்மை.

மூன்றாவது கடிதம்தான் என்னை இந்தப் பகிரங்கக் கடிதத்துக்குத் தள்ளியது. "மரத்தாலான பொருள்கள் இயல்பிலேயே உடையக்கூடியவை, நீங்கள் பொறுப்புத் துறப்புச் சீட்டில் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்." நல்லது. நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை, குருபோங் தொழிற்பேட்டையில் இரவுக் காவல் வேலை. இரவில் படிக்க நேரம் நிறைய. 1999ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் உடன்படிக்கையைப் படித்தேன். மலேசியா 2007இல் அதில் சேர்ந்தது, இந்தியா 2009இல். பெட்டி உங்கள் பொறுப்பில் இருந்தபோது சேதமானால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்கிறது 17ஆம் விதி. பொருளிலேயே இருந்த குறையால் சேதமானால் மட்டும் விலக்கு. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது 26ஆம் விதி. சேதத்தை ஏழு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 31ஆம் விதி. நான் ஏழு நிமிடத்தில் சொன்னேன், ஏழு மணி நேரத்தில் எழுதினேன். நாற்பது ஆண்டு, லயத்துக் கூரை ஒழுக்கிலும் மலாக்காப் புழுக்கத்திலும் வெளிவராத 'இயல்பான குறை' உங்கள் சரக்கறையில் நாலு மணி நேரத்தில் வெளிவந்ததென்றால், அந்தச் சரக்கறையைத்தான் ஆராய்ச்சிக்கு அனுப்ப வேண்டும்.

1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவுக்கு வந்து என்னென்னவோ உடைத்தார்கள். ஆனால் இன்றைக்கும் உஜோங் பாசிரில் அவர்கள் வழிவந்தவர்கள் கிட்டார் இல்லாமல் விழா எடுப்பதில்லை. அவர்கள் முன்னோர் உங்கள் விமானத்தில் வரவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

"அடுத்த முறை கெட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டு வாருங்கள், அல்லது வாத்தியத்துக்குத் தனி இருக்கை வாங்குங்கள்" என்று ஆலோசனையும் சொன்னீர்கள். கெட்டிப் பெட்டி விலை விசாரித்தேன். முந்நூறு வெள்ளிக்கு மேல். தொண்ணூறு வெள்ளி மாப்பிள்ளைக்கு முந்நூறு வெள்ளியில் பட்டு வேட்டி. தனி இருக்கை என்றால் எனக்குக் கொடுக்கிற அதே கட்டணம். நாசி லெமாக்கும் உண்டா என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை.

உங்களுக்கு ஒரு பழைய கதையை நினைவூட்டலாமா? 2008இல் டேவ் கரோல் என்ற கனடாப் பாடகர் ஹாலிஃபாக்ஸிலிருந்து ஓமாஹாவுக்குப் போனார், யுனைடெட் விமானத்தில். சிகாகோவில் வாத்தியங்களைத் தூக்கிப் போடுவதைப் பார்த்ததாகச் சக பயணி சொன்னார். அவருடைய டெய்லர் கிட்டார் உடைந்திருந்தது. பழுதுபார்க்க 1,200 டாலர். ஒன்பது மாதம் அலைந்தார். 24 மணி நேரத்துக்குள் புகார் செய்யவில்லை என்று மறுத்துவிட்டார்கள். 2009 ஜூலையில் அதையே ஒரு பாட்டாக்கி யூடியூபில் போட்டார். கோடிக்கணக்கில் கேட்டார்கள். அதற்குப் பிறகு நிறுவனத்துக்குக் காது கேட்டது. கவலை வேண்டாம், எனக்குப் பாட்டுக் கட்ட வராது. கடிதம்தான் வரும், அதுவும் நீளமாக.

சரி, கிட்டார் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

டவுனில் ஒரு கடையில் காட்டினேன். நூற்றெண்பது வெள்ளி ஆகும் என்றார்கள். "அங்கிள், இதுக்குப் பேசாம புதுசு வாங்கிடுங்க" என்றான் அங்கிருந்த பையன். புதிய யமஹா ஒன்று ஐந்நூறு அறுநூறு வெள்ளி. 1,700 வெள்ளிச் சம்பளத்தில் அது நடக்கிற காரியமில்லை. நடந்தாலும் அது அப்பா வாங்கியது ஆகாது. கடைசியில் எங்கள் தாமானுக்குப் பின்னால் அலமாரி செய்யும் சீனத் தச்சர் தவுக்கேயிடம் கொண்டுபோனேன். முறிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "சூப்பர் குளூ போட்டியா?" என்றார் மலாயில். இல்லை என்றேன். "போலே" என்றார், முடியும் என்று.

முறிவு சாய்வாக, நீளமாக ஓடியிருந்தது. அதுதான் என் அதிர்ஷ்டம். குறுக்கே நறுக்கென்று ஒடிந்தால் பசை பிடிக்க இடமிருக்காது. சாய்ந்து பிளந்தால் இரண்டு பக்கமும் மர நரம்பு ஒன்றையொன்று தேடிப் பொருந்தும். சூப்பர் குளூ போட்டிருந்தால் அது உள்ளே கண்ணாடி மாதிரி இறுகி, மறுபடி எந்தப் பசையையும் சேரவிடாது. முதலில் பசையில்லாமல் சேர்த்துப் பார்த்தார். பிறகு மரப்பசையை ஊசிக்குழாயில் ஏற்றி, பிளவின் அடிவரைக்கும் விட்டார். பிதுங்கி வந்ததை ஈரத் துணியால் துடைத்தார். இறுக்கிப் பிடிக்க அவரிடம் அந்த வளைவுக்கு ஏற்ற இடுக்கி இல்லை. மூலையில் கிடந்த பழைய சைக்கிள் டியூப்பை நீளநீளமாகக் கிழித்து, இழுத்து இழுத்துச் சுற்றினார். மாவுக்கட்டுப் போட்ட பிள்ளை மாதிரி இருந்தது.

நான் அந்த டியூப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா விடியற்காலையில் வாளியோடு போய்ச் சேர்த்த பாலில்தான் அந்தக் கிட்டார் வந்தது. இப்போது ரப்பர்தான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் போதும் என்று பசைப் புட்டியில் எழுதியிருந்தது. மலாக்கா ஈரத்துக்கு மூன்று நாள் என்றார் தவுக்கே. நாலாம் நாள் பிரித்து, உப்புத்தாளால் தேய்த்து, கம்பி மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி ஏற்றினேன். ஆறு கம்பியும் முழுச் சுருதியில் நிற்கும்போது கழுத்தை இழுக்கிற இழுப்பு ஏறக்குறைய எழுபது கிலோ. என் எடையைவிட அதிகம். தாங்குகிறது. கழுத்தின் பின்னால் ஒரு தழும்பு தெரியும். மாசி மகத்தன்று செங் சன்னாசிமலைக் கோயிலுக்கு வந்தால் கிட்டாரோடு இருப்பேன், நீங்களே தடவிப் பார்க்கலாம்.

மொன்ட்ரியல் உடன்படிக்கைப்படி ஒரு பயணிக்கு உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். என்ற பன்னாட்டுக் கணக்கு அலகு, 2024 டிசம்பர் 28 முதல். நம் பணத்தில் ஏறக்குறைய எட்டாயிரம் வெள்ளி. பயப்படாதீர்கள், அவ்வளவு கேட்கவில்லை. என் கணக்கு இதுதான்: மரப்பசை 19 வெள்ளி 90 காசு, கம்பி ஒரு செட் 24 வெள்ளி, உப்புத்தாள் 2 வெள்ளி 50 காசு. ஆக மொத்தம் 46 வெள்ளி 40 காசு. உங்கள் மூன்று பதில்களை எழுதிய ஊழியர் நேரத்துக்கு இதைவிட அதிகம் செலவாகியிருக்கும்.

புகாருக்கு முப்பது நாளுக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்பது இந்நாட்டு விமானப் பயணிகள் பாதுகாப்பு விதி. அந்தக் கெடு போய் இரண்டு மாதம் ஆகிறது. முன்பு மாவ்காம் என்ற விமானத்துறை ஆணையம் பார்த்துக்கொண்டிருந்த இந்த வேலை 2025 ஆகஸ்ட் முதல் பொது வான் போக்குவரத்து ஆணையத்திடம் போயிருக்கிறது. இக்கடிதத்தின் நகல் அவர்களுக்கும் போகிறது.

படிவத்தில் கழுத்துக்கு ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள். எனக்கு இல்லாவிட்டாலும், அடுத்து வீணையோடு வருகிறவருக்கு ஆகும்.

இப்படிக்கு,
கைப்பிடியில் குறி போட்ட பயணி,
குருபோங், மலாக்கா.

பி.கு.: பசைக்கும் கம்பிக்கும் உப்புத்தாளுக்கும் ரசீது இணைத்திருக்கிறேன். டியூப்புக்கும் கூலிக்கும் ரசீது இல்லை. தவுக்கே காசு வாங்கவில்லை.