டைரக்ட் ஒயருக்கும் ஓர் ஐ.எஸ்.ஐ. முத்திரை

பெறுநர்: தலைமை இயக்குநர், இந்தியத் தர நிர்ணய அமைவனம், மானக் பவன், புது தில்லி.

பொருள்: கேஸ் கீசரின் சூட்டு சுவிட்சை ஓரங்கட்டும் துண்டு ஒயருக்குத் தரநிலை வகுத்துத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஓசூரிலிருந்து தளி, ஜவளகிரி வரை பரவிய இந்த மேட்டு நிலம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 3,000 அடி மேலே இருக்கிறது. மார்கழியில் முதல் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவருக்கு வெந்நீர் ஆடம்பரமல்ல. கரண்ட் பில்லுக்கு அஞ்சியவருக்கு கேஸ் கீசரே கதி. அந்தக் கீசர் சில நிமிடம் எரிகிறது, கொதிக்கிறது, தானாக அணைகிறது. மெக்கானிக் வருகிறார். சூடு மிஞ்சினால் கேஸை நிறுத்தும் குட்டி சுவிட்சின் இரு முனைகளையும் ஒயர்த் துண்டால் இணைத்து, "டைரக்ட் பண்ணியாச்சு" என்கிறார். அதன் பிறகு அது அணைவதே இல்லை. கீசருக்குத் தரம் வகுத்த தாங்கள், இவ்வளவு பலன் தரும் இந்த ஒயரை மட்டும் கவனிக்காமல் விட்டது நியாயமா? நீளம், தடிமன், நிறம் ஆகியவற்றையாவது சொல்லிவிடுங்கள்.

இந்தக் கோரிக்கைக்குத் தடையாக இருப்பது ஒன்றுதான்: அந்தச் சுவிட்ச் பெரும்பாலும் உண்மையே பேசுகிறது. நிமிடத்துக்கு 6 லிட்டர் நீரை 25 டிகிரி உயர்த்தும் நெருப்பை எடுத்துக்கொள்வோம். நெருப்பு குறையாமல் நீர்வரத்து மட்டும் 2 லிட்டராகச் சுருங்கினால் உயர்வு 75 டிகிரி. 20 டிகிரியில் உள்ளே போன நீர் 95-ஐத் தொடும். வரத்து சுருங்கக் காரணங்களுக்கா பஞ்சம்? பத்து மீட்டர் உயர நீர்தான் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். மாடியில் வைத்த டேங்க் ஷவருக்கு இரண்டு மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு. அதிலும் பாதியை வழியில் அடைத்த ஃபில்டர் விழுங்கும். மீதியைப் போர்வெல் நீரின் உப்பு பார்த்துக்கொள்ளும். செம்புக் குழாயின் உட்புறம் படியும் இந்த உப்பு, செம்பு கடத்தும் வெப்பத்தில் நூறில் ஒரு பங்கைக்கூடக் கடத்தாது. தண்ணீருக்குப் போகவேண்டிய சூடு உலோகத்திலேயே தங்கிவிடுகிறது; சுவிட்ச் அதைக் கண்டுபிடித்துத் தொலைக்கிறது. குடிநீருக்கான தங்களது ஐ.எஸ். 10500 கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று எல்லை போட்டு, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. குடிப்பவர் வயிறு அதைப் பொறுக்கலாம், செம்புக் குழாயைத் தாங்கள் கேட்டீர்களா?

சுவிட்சே பழுதாகி வீணாக அணைப்பதும் உண்டே என்பார்கள். உண்டு. ஃபில்டரைக் கழுவி, ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, முழு வேகத்தில் நீர் பாயும்போதும், கீசர் சூடேறுமுன்பே அணைந்தால் சுவிட்சைச் சந்தேகிக்கலாம். அப்போதும் மாற்றவேண்டியது சுவிட்சைத்தான். சில நிமிடம் ஓடிய பிறகு அணைந்தால் குற்றம் நீரிலோ உப்பிலோ கரியிலோ இருக்கிறது. ஓசூர்த் தொழிற்சாலையில் எந்திரத்தின் பாதுகாப்பு சுவிட்சை டைரக்ட் செய்தால் மெமோ வரும் என்பது இங்குள்ள ஆபரேட்டர்களுக்குத் தெரியாததல்ல. வீட்டுக் குளியலறைக்குத்தான் மெமோ அனுப்ப ஆளில்லை.

கரி என்றேனே, அதுதான் விபரீதம். வெப்பம் வாங்கும் செம்புத் தகடுகளில் கரி அடைத்தால் புகை மேலே போகாது, நீலச் சுடர் மஞ்சளாகும், கார்பன் மோனாக்சைடு பெருகும். சுவிட்ச் சூட்டை அளக்கிறது, புகையை அளப்பதில்லை. ஆனாலும் இந்த அடைப்பைப் பற்றி வீட்டுக்கு வரும் முதல் செய்தி பல வேளைகளில் அதனுடையதுதான். சிலிண்டர் எரிவாயுவுக்கு வேண்டுமென்றே நாற்றம் சேர்க்கிறோம், அதன் விஷப் புகைக்கு வாசனையே கிடையாது. மேலே சொன்ன நெருப்பு 20 நிமிடத்தில் 300 கிராமுக்குச் சற்று மேல் எரித்து, ஏறத்தாழ 4 கன மீட்டர் காற்றைத் தின்னும். நாலடிக்கு ஆறடி, எட்டடி உயரக் குளியலறையில் இருக்கும் காற்றே ஐந்தரை கன மீட்டருக்குள்தான். பனிக்காக வென்டிலேட்டரில் அட்டை செருகியாயிற்று என்றால் மீதிக் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளலாம்.

"எங்கள் முத்திரை பெட்டிக்கு, குளியலறைக்கு அல்ல" என்று தாங்கள் பதில் எழுதக்கூடும். ஆனால் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-ஐ வெளியிட்டதும் தாங்களே. அதைச் சட்டமாக்குவது மாநிலங்களின் வேலை என்பதும் சரிதான். நீருக்கு ஒரு நூல், கீசருக்கு ஒரு நூல், கட்டடத்துக்கு ஒரு நூல். மூன்றையும் அச்சிட்டது ஒரே அலுவலகம். அவை மூன்றும் முதன்முதலாகச் சந்திக்கும் இடம் ஜவளகிரிக் குளியலறை என்பதுதான் சங்கடம். 'குளியலறைக்கு வெளியே மாட்டு, புகையை வெளியே விடு, உப்பை எடு' என்று பெட்டியின் முகப்பிலேயே தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பெரிய எழுத்தில் அச்சிட வைத்தால் என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இல்லையேல் ஒயரின் நிறம் குறித்து மட்டும் ஒரு யோசனை. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தம் செர்ரிப் பழச் சிவப்பாகிவிடும். ஒயருக்கும் அந்தச் சிவப்பையே வகுத்துவிட்டால் மெக்கானிக்குக்கும் பிரேதப் பரிசோதனை மருத்துவருக்கும் ஒரே தரநிலையாகிவிடும்.

இப்படிக்கு,
வெந்நீர்ப் பயனீட்டாளர்,
ஜவளகிரி.