தேய்வியல்: பாலாற்றங்கரை டயர் இலக்கணம்

பாயிரம்

பாயிரத்துக்கு எட்டு உறுப்பு வேண்டும் என்பார்கள். இந்நூல் அத்தனை தாங்காது, ஐந்து போதும். நூற்பெயர்: தேய்வியல். நுதலிய பொருள்: வண்டிக்கு டயர் மாற்றும் காலம். வழங்கும் எல்லை: கிழக்கே வாலாஜாபேட்டை, மேற்கே நாட்றம்பள்ளி, வடக்கே பேரணாம்பட்டு மலை, தெற்கே ஜவ்வாது மலை. கேட்போர்: டூவீலர்காரர், ஆட்டோக்காரர், ஷூ கம்பெனி வேன் ஓட்டுநர், தோல் லோடு லாரிக்காரர், பிரியாணிக்காக மட்டும் ஆம்பூரில் ஓரங்கட்டும் பெங்களூரு கார்க்காரர். பயன்: வீடு போய்ச் சேர்தல்.

இப்படியொரு நூல் இந்த மண்ணில் பிறந்ததற்குக் காரணம் உண்டு. வகை பிரிப்பதே இங்கே பிழைப்பு. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் தரம் பிரிப்பவர் ஒரு தோலை மேசையில் விரித்து, வெளிச்சத்தில் சாய்த்து, உள்ளங்கையால் ஒருமுறை தடவுவார். பூச்சி கடித்த வடு, முள் கீறிய கோடு, உரித்தவன் கத்தி தவறிய இடம் எல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். கடுகளவு வடு போதும், தோல் ஒரு தரம் கீழே இறங்கிவிடும். அதே கைக்குரியவர் மாலையில் கேட்டுக்கு வெளியே வந்து வழவழவென்ற டயரில் ஏறி உட்கார்ந்து வீட்டுக்குப் போகிறார். தோலுக்கு இலக்கணம் உள்ள ஊரில் டயருக்கு இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்தது இது.

முதல் சூத்திரம்: *பட்டன் உடையது டயர், இழந்தது வளையம்.* பட்டன் என்பது தரையைத் தொடும் ரப்பரின் மேடுபள்ளம். கம்பெனிக்காரர் ட்ரெட் என்பார். பஞ்சர் கடையில் பட்டன் என்றால்தான் விளங்கும்.

எழுத்ததிகாரம்

டயரின் பக்கச்சுவரிலும் பள்ளத்திலும் உள்ள எழுத்து மூவகை: அளவெழுத்து, நாளெழுத்து, மேட்டெழுத்து.

அளவெழுத்து என்பது 185/65 ஆர்15 88எச் என்பது போல வருவது. 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. ஆர் ரேடியல், 15 அங்குலத்தில் ரிம். 88 என்றால் அந்த ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை போகலாம். எண்பத்தெட்டைப் படிக்காமல் எச்சை மட்டும் படிப்பவர் உண்டு.

நாளெழுத்து நான்கு இலக்கம். முன்னிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. 1819 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 18ஆம் வாரம், அதாவது கத்திரி வெயில் தொடங்கும் நேரத்தில் பிறந்தது. அன்று ஆம்பூர் வேலூர் மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு நவம்பரில் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. மாவட்டம் மாறியும் டயர் மாறாத வண்டிகள் இன்றும் சாலையில் உண்டு. ஐந்து வயதுக்கு மேல் ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்வதும், பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வயதில் கழற்றச் சொல்வதும் டயர் கம்பெனிகள் பலவற்றின் அறிவுரை. ரப்பர் ஓடாமல் இருந்தாலும் வெயிலிலும் காற்றிலும் இறுகி வெடிப்பு விடும்.

மேட்டெழுத்தே இவற்றுள் தலையாயது. பள்ளத்தின் அடியில் குறுக்கே சின்ன மேடு ஒன்று இருக்கும். அது எங்கே என்று காட்ட டயரின் தோளில் ஒரு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ இருக்கும். கார் டயரில் அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து மேட்டுக்குச் சமமாக வந்தால் டயர் தன் வாயால் போதும் என்று சொல்லிவிட்டது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94ஆம் விதியும் அதையே வழிமொழிகிறது: இரண்டு, மூன்று சக்கர வண்டிக்கு 0.8 மி.மீ., மற்ற வண்டிக்கு 1.6 மி.மீ. இது சட்டத்தின் எல்லை. மழையின் எல்லை அதற்கு முன்பே வந்துவிடும். ஆகவே 3 மி.மீ. ஆனதுமே மாற்றுவதைப் பற்றி யோசி என்போர் பலர்.

அமெரிக்கர்கள் ஒரு சென்ட் நாணயத்தைப் பள்ளத்தில் தலைகீழாகச் செருகி, ஆபிரகாம் லிங்கனின் உச்சந்தலை முழுதாகத் தெரிந்தால் டயரை மாற்றுவார்கள். நம் நாணயத்தில் மூன்று சிங்கத் தலை தெரிகிறது. இருந்தும் யாரும் செருகிப் பார்ப்பதில்லை.

சொல்லதிகாரம்

டயர் சொல்லி முடித்ததும் உரிமையாளர் சொல்லத் தொடங்குவார். அவர் சொல் காலத்தால் மூவகைப்படும்.

"போன வருஷம்தானே மாத்தினேன்" என்பவர் இறந்தகாலத்தார். விசாரித்தால் அந்தப் போன வருஷம் கொரோனாவுக்கு முந்தியதாக இருக்கும். "இப்ப ஓடிக்கிட்டுதானே இருக்கு" என்பவர் நிகழ்காலத்தார். எதிர்காலத்தாரே பல்கிப் பெருகிய இனம்: தீபாவளி போனஸ் வரட்டும் என்பார், ரம்ஜான் கழியட்டும் என்பார், இந்த ஷிப்மென்ட் போகட்டும் என்பார், எஃப்.சி. வரும்போது பார்த்துக்கலாம் என்பார். எஃப்.சி. அன்று மட்டும் இன்னொரு வண்டியின் நல்ல டயரைக் கழற்றி மாட்டிக் காட்டி, மாலையில் திருப்பிக் கொடுப்பதும் உண்டு. ஒன்றன் பெயர் மற்றொன்றுக்கு ஆகி வருவதால் இதை ஆகுபெயர் என்க.

தேய்ந்த டயரில் சூட்டுக்கத்தியால் புதுப் பள்ளம் கீறி, கறுப்பு பூசி, செகண்ட்ஸ் என்று விற்பது போலி. முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி மூன்றையும் ஒரே டயரில் காணலாம். அப்படிக் கீறலாம் என்று பக்கச்சுவரிலேயே அச்சிட்டு வரும் லாரி டயர்கள் உண்டு. அவற்றுக்கு அடியில் அதற்கென்றே கூடுதல் ரப்பர் இருக்கும். மற்றவற்றில் கத்தி நேரே கம்பியையும் நூலையும் போய்த் தொடும்.

இவ்வதிகாரத்துக்கு எடுத்துக்காட்டு ஆம்பூர் பைபாஸ் ஓரத்துப் பஞ்சர் கடை. பாதி டிரம் கலங்கல் தண்ணீர், ஓடி ஓடி நிற்கும் கம்ப்ரசர், சுவரில் தொங்கும் பழைய ட்யூபுகள். பெண்களை இறக்கிவிட்டு வந்த ஷூ கம்பெனி வேன் ஒன்று நிற்கிறது. கடைக்காரர் பின்சக்கரத்தின் முன் குந்திக் கட்டைவிரல் நகத்தைப் பள்ளத்தில் வைக்கிறார். நகம் இறங்க இடமில்லை.

"இன்னும் ஒரு மாசம் ஓடுமா பாய்?"

"ஓடும் தம்பி. நிக்குமான்னு கேளு."

"ஓனர்கிட்ட சொல்லியாச்சு பாய்."

பாய் சொன்னதைவிடச் சுருங்கிய சூத்திரம் இந்நூலில் வேறில்லை. ஓடுவதற்குப் பட்டன் வேண்டியதில்லை. காய்ந்த தாரில் மொட்டை டயரும் நன்றாகவே பிடிக்கும். பந்தயக் கார்கள் காய்ந்த தடத்தில் பட்டனே இல்லாத டயரில்தான் பறக்கின்றன. பள்ளம் வெட்டியிருப்பது தண்ணீரை வழியவிட. வழி இல்லையென்றால் தண்ணீர் டயருக்கு அடியில் ஆப்பு போலப் புகுந்து வண்டியைத் தூக்கிவிடும். அப்போது ஸ்டீயரிங்கும் பிரேக்கும் அலங்காரம். வேலூரில் மாதக்கணக்கில் வெயில். அத்தனை நாளும் மொட்டை டயர் ஒரு குற்றமும் செய்யாது. உரிமையாளருக்குத் தான் சொன்னதே சரி என்று தோன்றும். மறுப்புரை வருவது ஒரு மாலை மழையில், புழுதியும் ஆயிலும் தண்ணீரோடு குழைந்து கிடக்கும் சாலையில்.

பொருளதிகாரம்

நிலம் ஐந்து, தேய்வும் ஐந்து.

குறிஞ்சி ஏலகிரி மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவு 14. புலவர்களும் வள்ளல்களும் அவற்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். உரிப்பொருள் புணர்தல்: ஒவ்வொரு திருப்பத்திலும் முன்டயரின் தோள் தாரோடு விடாமல் உரசும். ஓரப் பட்டன் முதலில் போகும். முல்லைக்குத் தேரையே விட்டுவந்த பாரிக்குச் சக்கரக் கவலை இருந்திருக்காது. மற்றவர்கள் அடிவாரத்திலேயே குனிந்து பார்ப்பது நன்று.

முல்லை பேரணாம்பட்டு, ஜவ்வாது அடிவாரக் காட்டுச் சாலை. உரிப்பொருள் இருத்தல். முள் குத்தி, ஸ்டெப்னியிலும் காற்றில்லாமல், யாராவது வருவார்கள் என்று சாலையோரம் இருத்தல். ஸ்டெப்னி உபயோகிக்காததால் புதிது என்று நம்பப்படும். நாளெழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் வண்டியிலேயே மூத்தது அதுதான்.

மருதம் கேத்தாண்டப்பட்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகும் வழி. உரிப்பொருள் ஊடல். டயர் தாங்குவேன் என்று எழுதிக் கொடுத்தது ஒரு பாரம், ட்ரெய்லரில் ஏற்றுவது வேறு பாரம். சில நாள் டயர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்: பக்கச்சுவரில் ஒரு புடைப்பு எழும். உள்ளே நூல் அறுந்ததன் அடையாளம் அது. அதன்பின் சமாதானம் கிடையாது.

நெய்தல் இங்கே எப்படி என்று ஐயுறலாம். கடல் இல்லை, உப்பு உண்டு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு தடவி ஏற்றுவார்கள். அந்த உப்புநீர் லாரிப் பலகை வழியாகச் சொட்டி ரிம்மில் இறங்கும். டயரும் ரிம்மும் சேரும் விளிம்பில் துரு பிடித்தால் காற்று கண்ணுக்குத் தெரியாமல் கசியும். காலையில் வண்டியை எடுக்க வந்து, இறங்கிக் கிடக்கும் டயரைப் பார்த்து இரங்குவது இத்திணைக்கு உரியது. டேனரி உப்பும் கழிவும் பாலாற்றை என்ன செய்தன என்பது 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் பொருள். ரிம்மை என்ன செய்யும் என்பதோடு இந்நூல் நின்றுகொள்கிறது.

பாலை தேசிய நெடுஞ்சாலை 48. உரிப்பொருள் பிரிதல், அதுவும் சொல்லுக்குச் சொல் உண்மை. மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தார் அதைவிடச் சுடும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிரும். அந்த மடக்கலே உள்ளே சூட்டைக் கிளப்பும். சூடு ஏற ஏற ஒட்டு விட்டு, பட்டன் தன் கூட்டைப் பிரிந்து போகும். பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்கும் வாணியம்பாடி சுங்கச்சாவடிக்கும் இடையே சாலையோரம் கிடக்கும் கறுப்பு ரப்பர் பட்டைகள் அப்படிப் பிரிந்தவை. பின்னால் வரும் பைக்காரருக்கு அது பாம்போ பட்டையோ, மோதினால் ஒன்றுதான்.

இதற்காக ரீட்ரேடைப் பழிக்கக் கூடாது. கூடு திடமாக இருந்தால் மேல் ரப்பரை மட்டும் புதிதாக ஒட்டி ஓட்டுவது சிக்கனமான, நியாயமான வழி. 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1952இல் ட்ரெட் ரப்பருக்கு வந்து, அதன் பிறகே டயர் செய்தது. இன்று இதே வட்டாரத்தில் அரக்கோணத்தை அடுத்த இச்சிபுத்தூரில் அதன் ஆலை இருக்கிறது. லாரிக்காரர் மரபு தெளிவானது: முன்சக்கரத்துக்குப் புதுசு, ரீட்ரேட் பின்னால். முன்டயர் வெடித்தால் ஸ்டீயரிங் கைக்கு அடங்காது. பின்னால் இணைச்சக்கரத்தில் ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும்.

தேய்வை அகம், புறம் என்றும் பிரிக்கலாம். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. இவை புறம், நின்று பார்த்தாலே தெரியும். உள்ளோரம் மட்டும் தேய்வது அகம். அலைன்மென்ட் போனதால் வருவது. வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் பளிச்சென்று இருக்கும். குனிந்து உள்பக்கம் கைவிட்டுத் தடவினால்தான் கம்பி குத்தும்.

ஒழிபியல்

கழற்றிய டயருக்கும் கதி உண்டு. அறுத்தால் டயர் செருப்பு ஆகும். தோல் ஷூ கப்பலேறும் ஊரில் அதுவும் ஒரு காலணிதான். மாட்டுவண்டியில் பூட்டினால் டயர் வண்டி. தகரக் கூரைமேல் வைத்தால் காற்றுக்குப் பாரம். கொல்லையில் போட்டால் மழைத்தண்ணீர் தேங்கி டெங்கு கொசுவுக்குத் தொட்டில். அதன் முட்டை தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது. போகியன்று கொளுத்த வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது.

முடிபு

மாற்றும் காலத்துக்கு அடையாளம் ஐந்து: பட்டன் மேட்டைத் தொடுதல், பக்கச்சுவர் புடைத்தல், கம்பியோ நூலோ தெரிதல், ரப்பர் வெடித்தல், வயது பத்தாதல். ஒன்று வந்தாலும் மாற்றுக. ஐந்தும் கூடட்டும் என்று காத்திருப்பது வழூஉ.

இனி, யார் மாற்றுவது என்பதே எஞ்சிய கேள்வி. துத்திபட்டு, பெரியவரிகம் பக்கத்து ஷூ கம்பெனிகளில் செய்யும் ஷூவின் அடி ரப்பரை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பாருங்கள். 16 மி.மீ. விட்டத்தில் ஒரு துண்டு வெட்டி, உப்புத்தாள் சுற்றிய உருளையில் 40 மீட்டர் தேய்த்து, எத்தனை கன மில்லிமீட்டர் கரைந்தது என்று கணக்கெடுப்பது உலக வழக்கு. ரப்பர் எதுவானாலும், டயர் ரப்பரே ஆனாலும், அதே சோதனைதான். அடியை 30,000 தடவை மடித்து வெடிக்கிறதா என்றும் பார்ப்பதுண்டு. யாரோ ஓர் ஐரோப்பியர் மழையில் வழுக்கிவிடக் கூடாது என்பதற்கு இத்தனை ஏற்பாடு.

அந்த ஷூவைக் கையிலெடுத்துக் குறை கண்டு ஒதுக்கும் பெண், சுற்றுக் கிராமத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறார். தேய்வு எது, வெடிப்பு எது என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்த ஓனருக்கும் தெரியாது. ஓட்டுநருக்கும் தெரியும், பாய்க்கும் தெரியும். தெரிந்தவர் மூவருக்கும் அதிகாரமில்லை; அதிகாரமுள்ளவர் அந்த வேனில் ஏறுவதில்லை. டயர் காலம் கடந்து ஓடுவதற்கு அறியாமை காரணமல்ல என்று இதனால் அறிக.

ஆதலின் கடைசி விதி: மாதம் ஒருமுறை கேட்டிலேயே வேனை நிறுத்தி, ஷூவுக்குத் தரம் பிரிப்பவர்களில் ஒருவரே அதன் டயருக்கும் தரம் பிரிக்க வேண்டும். அவர் ஒதுக்கினால் அன்று வேன் கிளம்பக் கூடாது. ஓனர் கையெழுத்துப் போட்டாலும் கிளம்பக் கூடாது. இவ்விதிக்குப் புறனடை இல்லை.