தடி கேட்டு வந்தவர்கள்

அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். புதிய செடியினம் ஒன்றைக் கண்டெடுத்தவரின் அனுமதி இல்லாமல் வேறு எவரும் அதில் தடி வெட்டி நட்டுப் பெருக்கக் கூடாது. அடுத்த வருடமே முதலாவது காப்புரிமையை ஒரு றோசா வாங்கிக்கொண்டது. பெயர் ‘நியூ டோன்’. நியூ ஜேர்சியில் தோட்டக்கலை வேலை செய்த ஹென்றி போசன்பேர்க் அதற்குச் சொந்தக்காரர். அவருடைய பக்கத்து வீட்டில் ஒரு மாமி இருந்தாரா என்று தெரியாது. இருந்திருந்தால் அந்தச் சட்டம் எத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்கும் என்பதைக் திருகோணமலையில் எங்கள் ஊரான கப்பல்துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்கள் ஒழுங்கையில் சட்டம் வேறு. பூ வளவுக்காரருக்கு, தடி ஊருக்கு. கேட்டவருக்குக் கொடுக்காவிட்டால் பாவம். கேட்காமல் முறித்துக்கொண்டு போனாலோ, நட்டது கட்டாயம் பிழைக்கும். களவெடுத்து வைத்த பூமரம்தான் வாய்க்கும் என்பதில் இங்கே எல்லாச் சமயத்தவர்க்கும் ஒரே கொள்கை.

இது தெரிந்திருந்தும் நான் இரண்டு நிற றோசாக் கன்று ஒன்றை வாங்கினேன். கண்டி வீதியோரம் மலைநாட்டுப் பூமரங்களுடன் நின்ற பட்டா லொறியில், இதழின் நடு பாலாடை நிறமும் ஓரம் சிவப்புமாக ஒரே ஒரு பூ. “புது இனம், மாத்தயா. இலங்கைக்கே இப்பதான் வந்தது” என்றார் விற்றவர்.

மூலை வீட்டு மாஸ்டர் பென்சன் எடுத்தவர். எதையும் விசாரிக்காமல் விடமாட்டார். அவர் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: “இதின்ரை பேர் டபிள் டிலைற். 1977இலை கலிபோர்னியாவிலை இருந்து வெளிவந்தது.” ஜே. ஆர். ஜயவர்தன ஆட்சிக்கு வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட அதே வருடம். திறந்த கதவால் ரேடியோவும் துணியும் அப்போதே ஓடிவந்துவிட்டன. றோசா மட்டும் ஆறுதலாக இளைப்பாறிக் கண்டி வீதியால் வந்திருக்கிறது.

நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கல பூங்காவில், ஐயாயிரம் அடிக்கு மேலே, றோசாவுக்கு யாரும் உபசாரம் சொல்லத் தேவையில்லை. இங்கே கடல்மட்டத்தில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மனிதரே வாடிப்போவார்கள். அந்த மாதங்களில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கி கன்னியாவின் எட்டாவது வெந்நீர்க் கிணறு. விடியமுன் எழும்பித் தண்ணீர் விட்டேன். ஆட்டெரு போட்டேன், முட்டைக்கோது நொறுக்கிப் போட்டேன். “எனக்கு ஒருநாள் தேத்தண்ணி ஊத்தித் தந்திருக்கிறியளோ?” என்று மனுசி கேட்டதை, பூமரத்துக்கு முன்னால் இப்படிப் பேசக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

பூத்தது. பூத்ததும் விசாரணைக் குழுக்கள் வரத் தொடங்கின.

“பீற்றூட் அவிச்ச தண்ணி ஊத்தினனியோ தம்பி?” இது எதிர்வீட்டு மாமி.

“பெயின்ட் அடிச்சீங்களா?” இது ஓட்டோ ஓடும் நானா. கேட்டுவிட்டு இதழை விரலால் தேய்த்தும் பார்த்தார்.

மாஸ்டர்தான் விளக்கினார். இந்த இனத்துக்குச் சிவப்பைப் பூசுவது வெயில். மொட்டு விரியும்போது பாலாடை நிறம் கூடுதலாக இருக்கும். சூரியனின் புற ஊதாக்கதிர் படப்பட, பட்ட இடத்தில் சிவப்பு ஏறும். “அப்ப திருகோணமலை வெயிலுக்கு இது மிளகாய்ப்பழமா வருமே” என்றார் நானா. மாமியும் நானாவும் ஆளுக்கொரு தடி வாங்கிக்கொண்டு போனார்கள். மாஸ்டர் விளக்கம் சொன்னதற்குக் கூலியாக இரண்டு எடுத்தார்.

மாமி தன் தடியை மாமரத்தின் கீழே நட்டார். நிழலில் அது வெளுத்துப் பூத்தது. ஓரத்தில் சிவப்பைத் தேடித்தான் பார்க்கவேண்டும். நானா ஓட்டோக் கொட்டிலின் பக்கத்தில், தகரச் சூடும் வெயிலும் சேர்ந்து விழும் இடத்தில் நட்டார். அங்கே சிவப்பு ஏறி வெள்ளை உள்ளே ஒதுங்கிவிட்டது. இருவரும் ஒரே நாளில் என் படலையில் நின்றார்கள்.

“அவருக்குச் சிவப்பு, எனக்கு வெள்ளை, உனக்கு மட்டும் ரெண்டுமோ? நீ எனக்குச் சிவப்பில்லாத பக்கத்துத் தடியைத் தந்திட்டாய்” என்றார் மாமி. மாஸ்டர் திரும்பவும் புற ஊதாக்கதிரைத் தொடங்கினார். மாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். கதிர் அணைந்துவிட்டது.

பெயர் வைப்பதிலும் ஒற்றுமை வரவில்லை. மாமியின் பேத்தி கனடாவிலிருந்து அனுப்பிய காசில் வேலி அடைத்த பிறகு பூத்ததால் அவர் வீட்டில் அது கனடா றோசா. நானா வீட்டில் பெருநாளன்று பூத்ததால் பெருநாள் றோசா. மாஸ்டர் அதை ‘எழுபத்தேழு’ என்றே அழைக்கிறார்.

இதுவும் பரம்பரை வழக்கம்தான். டபிள் டிலைற்றின் பாட்டி ‘பீஸ்’ என்ற புகழ்பெற்ற றோசா. அதுவும் மஞ்சளில் இளஞ்சிவப்பு ஓரம் கொண்ட இரண்டு நிறக்காரிதான். பிரான்சில் 1935இல் அதை உருவாக்கிய பிரான்சிஸ் மெய்யான், 1939இல் யுத்தம் முற்றுமுன் ஜேர்மனிக்கும் இத்தாலிக்கும் அமெரிக்காவுக்கும் தடிகளை அனுப்பிவைத்தார். பிறகு தொடர்பு அறுந்தது. ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். இத்தாலியில் ‘ஜோயா’, ஜேர்மனியில் ‘குளோரியா தேயி’, பிரான்சில் அவருடைய தாயாரின் பெயர். ஜேர்மனி சரணடையச் சில நாட்கள் இருக்கையில், 1945 ஏப்ரல் 29இல், அமெரிக்காவில் ‘பீஸ்’ என்று அறிவித்தார்கள். தடியைப் பெட்டியில் பூட்டிவைத்திருந்தால் யுத்தத்தில் ஒன்று போனால் எல்லாம் போயிருக்கும். ஊரார் கையில் இருந்தால் எங்கேயாவது ஒன்று தப்பும்.

எங்கள் ஒழுங்கைக்கு யுத்தம் ஓர் ஆட்டின் உருவில் வந்தது. படலை சற்றுத் திறந்திருந்தது. ஆட்டின் சொந்தக்காரர் யாரென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது; பால் கறக்கும் நேரத்தில் மட்டும் அது சரியாக வீட்டுக்குப் போய்விடுகிறது. என் றோசாவில் அடிக்கட்டை கூட மிஞ்சவில்லை.

மாமியிடம் போனேன். “கனடா றோசாவிலை தடியோ? அது அருமையான இனம் தம்பி. எல்லாருக்கும் வெட்டிக் குடுக்கிறேல்லை” என்றார்.

ஒழுங்கைச் சட்டத்தின் இரண்டாவது பிரிவு எனக்கும் பொருந்தும்தானே? வெள்ளிக்கிழமை மாமி கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் காரியத்தை முடித்தேன். சட்டம் பொய்க்கவில்லை. தடி தளிர்த்து, மொட்டுவிட்டு, என் முற்றத்துக் காலை வெயிலில் இரண்டு நிறமும் அளவாக விழுந்து பூத்தது.

மாமி வந்து நெடுநேரம் பார்த்தார். “இது நல்ல இனம். எங்கை வாங்கினனி? எனக்கும் ஒரு தடி வெட்டித் தா” என்றார். நான் கத்தியை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்த முறையாவது சிவப்புப் பக்கத்திலை பார்த்து வெட்டு.”