‘ஏன்’ என்று கேட்கக் கூடாத வகுப்பு

பகுதிநேர மனநல ஆலோசகர் பயிற்சி என்பது, ஊருக்கெல்லாம் இலவசமாக ஆலோசனை சொல்லிவந்த ஒருவர், கட்டணம் கட்டி அந்தப் பழக்கத்தை விட முயலும் ஏற்பாடு. ஓசூர்ப் பக்கத்தில் இதில் சேர நினைப்பவர் பள்ளி ஆசிரியையாக இருக்கலாம், ஹெச்.ஆர். அலுவலராக இருக்கலாம், ஓய்வு பெறப்போகும் லைன் சூப்பர்வைசராகவும் இருக்கலாம். சொல்லும் காரணம் மட்டும் மாறாது: “எல்லாரும் எங்கிட்டதான் வந்து கஷ்டத்தைச் சொல்றாங்க.” முதல் வகுப்பிலேயே இந்தத் தகுதி ரத்தாகிவிடும். கஷ்டத்தைப் பாதி கேட்டதுமே “நான் சொல்றதைக் கேளு” என்று ஆரம்பிப்பவருக்குத்தான் ஊரில் அந்தப் பெயர் கிடைத்திருக்கும்.

தேவை இருப்பதில் சந்தேகமில்லை. 1970களில் சிப்காட் வந்தது; அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எனப் பெரிய ஆலைகள் வரிசையாக வந்தன. இன்று மின்னணு ஆலைகளுக்காக வெளிமாநிலப் பெண்கள் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு மொழிகளில் வாடகைச் சண்டை போடத் தெரிந்த ஊரில், இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்திருக்கின்றன. அழுகை எல்லா மொழியிலும் புரியும். அதற்கு முன்னும் பின்னும் வருகிற பேச்சு புரிவதற்குத்தான் ஆள் வேண்டும்.

வார இறுதி வகுப்புகளுக்குப் பெரும்பாலும் பெங்களூருதான் கதி. தூரம் சுமார் 40 கிலோமீட்டர்; நேரத்தை அத்திப்பள்ளியும் சில்க் போர்டும் முடிவு செய்யும். நாட்டின் முதன்மையான மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் முகவரியே ‘ஓசூர் ரோடு, பெங்களூரு’ என்பதால், அது ஊருக்குள்ளேயே இருப்பதாக நம்பும் பெரியவர்கள் உண்டு. சி ஷிப்ட் முடித்துக் காலை ஆறு மணிக்கு வெளியே வந்து, நேராக பஸ் ஏறி வகுப்புக்குப் போகிறவர், ‘கவனித்துக் கேட்டல்’ பாடத்தின்போது கண்ணை மூடியிருப்பதை ஆழ்ந்த கவனம் என்று ஆசிரியர் எடுத்துக்கொண்டால் அது அவருடைய பெருந்தன்மை.

பாடத்தின் வேர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். 1942இல் வெளிவந்த தம் நூலில், ஆலோசகர் வழிகாட்டத் தேவையில்லை, வந்தவர் தாமே வழி காணும்படி உடனிருந்தால் போதும் என்றார். 1957இல் அதற்கான நிபந்தனைகளை வகுத்தார். அவற்றில் மூன்றை எல்லா வகுப்பிலும் மனப்பாடம் செய்கிறார்கள்: உணர்வைப் புரிந்துகொள்ளுதல், நிபந்தனையின்றி ஏற்றல், பாசாங்கு இன்மை. மூன்றும் தேர்வில் சுலபம், மாமியார் வீட்டில் கடினம்.

ஆலைக்காரருக்குச் சிக்கல் வேறு இடத்தில் தொடங்குகிறது. டொயோட்டா வழியாக உலகெங்கும் பரவிய ‘ஐந்து ஏன்’ முறை அவர் ரத்தத்தில் ஊறியது. போல்ட் ஏன் தளர்ந்தது? இறுக்கிய டார்க் ஏன் குறைந்தது? அப்படியே ஐந்து முறை கேட்டால் மூலகாரணம் கையில் சிக்கும்; படிவம் நிரப்பி, கையெழுத்து வாங்கிவிடலாம். ஆலோசனைப் பயிற்சியிலோ ‘ஏன்’ என்பதைக் கூடியவரை தவிர்க்கச் சொல்கிறார்கள். “ஏன் வேலையை விட்டே?” என்றால் கேட்பவர் காதில் அது விசாரணையாக விழும். “வேலையை விட்ட அன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்றால் வாய் திறக்கும். மௌனமும் அப்படியே. ஷாப் ஃப்ளோரில் சத்தம் நின்றால் பிரேக்டவுன், உடனே மெயின்டனன்ஸுக்கு போன் போகும். வகுப்பிலோ எதிரே இருப்பவர் அரை நிமிடம் பேசாமலிருந்தால், பயிற்சி பெறுபவரும் பேசாமலிருக்க வேண்டும். இருபது வருட சர்வீஸில் யாரும் இப்படிச் சும்மா இருக்கச் சொன்னதில்லை.

பயிற்சி மூவர் மூவராக நடக்கும். ஒருவர் கஷ்டத்தைச் சொல்வார், ஒருவர் கேட்பார், மூன்றாமவர் குறிப்பெடுப்பார். சொந்தக் கஷ்டத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு ‘என் நண்பர் ஒருவர்’ என்று தொடங்குவோர் ஏராளம். அந்த நண்பருக்கும் அதே கடன், அதே வீட்டுக்காரர். இதைவிடக் கொடுமை, பதிவு செய்த பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுதி வருவது. பத்து நிமிட ஒலிப்பதிவை எழுதி முடிக்க ஒரு மாலை போய்விடும். எழுதி முடித்தபின்தான் தெரியும்: முக்கால்வாசி பேசியது கேட்க வந்தவரே.

வீட்டில் பழகிப் பார்ப்பது அடுத்த விபத்து. “கேஸ் தீர்ந்துபோச்சு” என்று மனைவி சொல்ல, “கேஸ் தீர்ந்ததுல உனக்கு ஒரு ஏமாற்றம் தெரியுது” என்று பிரதிபலித்தவருக்கு அன்றிரவு தயிர்சாதம். தொழில் ஒழுக்கமும் இதைத்தான் சொல்கிறது: உறவினரையும் கீழே வேலை பார்ப்பவரையும் ஆலோசனைக்கு எடுக்கக் கூடாது. ரகசியம் காப்பதும் அதே அளவுக்கு முக்கியம். உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. “யார் மனசு சரியில்லைனு மட்டும் சொல்லுங்க, ஷிப்ட் போடணும்” என்று மேலாளர் கேட்டால், கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டே ஆனாலும் பதில் கிடையாது.

சான்றிதழ் விஷயம் குழப்பமானது. மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய, 1992 சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு வேண்டும். ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்ட நெடுங்காலமாக ஆணியும் சுத்தியலும் போதுமானதாக இருந்தன. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் உளவியலையும் தன் வரம்பில் சேர்த்தது. அதைத் தொடர்ந்து, 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் தொலைதூர, இணையவழிக் கல்வியில் உளவியல் படிப்பை நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. தரத்துக்கு இது நல்லதே. தபாலில் வரும் புத்தகம் எதிரே உட்கார்ந்து அழாது. ஆனால் ஷிப்ட் வேலைக்காரர் நுழையத் தோதாக இருந்த கதவு அது ஒன்றுதான். அதைச் சாத்தியவர்கள், நேரடியான மாலைநேரப் பட்ட வகுப்பை சிப்காட்டுக்குப் பக்கத்தில் திறந்தால்தான் கணக்கு நேராகும். குறுகியகாலச் சான்றிதழில் சேர்பவர்கள், கட்டணத்தைக் கேட்கும்போதே, மேற்பார்வையிடப்போவது யார், எத்தனை மணி நேரம் என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. சுற்றிவளைத்துப் பதில் வந்தால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம்.

பயிற்சி முடியும்வரை, பயிற்சி பெறுபவரின் குடும்பத்தாருக்கு ஒரு தகவல்: மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.